ரோமியோ ஜூலியட்: மொழியை முதலில் நடத்துவதா, காலத்தை முதலில் நடத்துவதா?

பொருநை_டீச்சர்

வணக்கம். இரண்டாம் ஆண்டு பி.ஏ. ஆங்கிலத்துக்கு இந்த செமஸ்டரில் ரோமியோ ஜூலியட் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் ‘எலிசபெத் கால வாழ்க்கை’ ஒரு அலகு, ‘ஷேக்ஸ்பியரின் மொழி’ இன்னொரு அலகு. போன தடவை காலத்தை முதலில் நடத்தினேன். ராணி, 1588 ஸ்பானியப் படையெடுப்பு (ஆர்மடா), குளோப் அரங்கின் படம் எல்லாவற்றையும் பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். நாடகத்துக்குள் போனதும் அதில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. சரி, மொழியிலிருந்து தொடங்கலாம் என்றால் உவமை, உருவகம், முரண் என்று அணிப்பட்டியலாகிவிடுகிறது.

இரண்டையும் சேர்த்து நடத்தியவர்கள் இருந்தால் எந்தக் காட்சியில் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள். கைடு எதுவும் சிபாரிசு செய்ய வேண்டாம், அது ஏற்கெனவே எல்லார் பையிலும் இருக்கிறது.

நாடகப்பித்தன்

டீச்சர், முதல் வேலையாக அந்தக் குளோப் படத்தை எடுத்துவிடுங்கள். குளோப் கட்டியது 1599-ல். இந்த நாடகம் 1597-லேயே அச்சில் வந்துவிட்டது, எழுதியது அதற்கும் ஒன்றிரண்டு வருஷம் முன்னால். லண்டன் மதிலுக்கு வெளியே வடக்கே ஷோர்டிச் பக்கம் இருந்த பழைய அரங்குகளில்தான் இது முதலில் நடந்திருக்க வேண்டும்.

என் யோசனை: ஒரே ஒரு வசவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஜூலியட் சொன்னதும் அப்பா கேப்யுலெட் பொரிந்து தள்ளுகிறார். ஐந்தே வரி. வியாழக்கிழமை கோயிலுக்கு நீயாக வராவிட்டால் படலில் போட்டு இழுத்துக்கொண்டு போவேன் என்கிறார். அப்புறம் பச்சைச் சோகை பிடித்த பிணமே என்கிறார், கொழுப்பு மூஞ்சி என்கிறார்.

படல் என்றால் வேலிக்கு வைக்கிற, குச்சி பின்னிய அதே தட்டிதான். ராஜத்துரோகம் செய்தவனை அதில் கட்டி, குதிரையில் பூட்டி, சிறையிலிருந்து டைபர்ன் தூக்குமேடை வரை தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். கொட்டகையில் நின்றவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பெற்ற மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு இந்த மனுஷனுக்குத் தோன்றுகிற வாகனம் அது.

பச்சைச் சோகை அந்தக் காலத்து வைத்தியர்கள் கல்யாணமாகாத பெண்களுக்கு வரும் நோய் என்று எழுதிவைத்தது. 1554-ல் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கன்னிப்பெண்களின் நோய் என்றே விவரித்து, சீக்கிரம் கல்யாணம் செய்துவைப்பதே மருந்து என்றார். இன்றைக்குப் பார்த்தால் பெரும்பாலும் ரத்தசோகையாக இருந்திருக்கும். ஆக கேப்யுலெட் திட்டும்போதே மருந்துச் சீட்டும் எழுதிக்கொடுத்துவிடுகிறார்.

கொழுப்பு, ஆட்டு மாட்டுக் கொழுப்பு. தேன்மெழுகுத் திரி வாங்க வசதியில்லாத வீடுகளில் அந்தக் கொழுப்பில் திரி ஊற்றி எரிப்பார்கள். வெளிறிய நிறம், புகை, நாற்றம். அழுது அழுது வெளுத்துப்போன பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிறார்.

ஐந்து வரியில் தண்டனை, வைத்தியம், விளக்கு மூன்றும் வந்துவிட்டன. தனி அலகு எதற்கு?

மெர்குஷியோ_ரசிகை

பித்தன் அண்ணா சொன்னதோடு ‘தௌ’ (அந்தக்கால ஆங்கிலத்தில் ‘நீ’), ‘யூ’ (‘நீங்கள்’) வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது, எப்போது அது மாறினால் சண்டை வரும் என்று அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இன்றைய ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவர்தான் இதற்கு அடிக்குறிப்பைத் தேட வேண்டும்.

நான்காம் அங்கம், முதல் காட்சி. துறவி லாரன்ஸின் அறையில் பாரிஸும் ஜூலியட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். ‘என் சீமாட்டியே, என் மனைவியே’ என்று ஆரம்பிக்கிற பாரிஸ் முதலில் ‘யூ’ போட்டுத்தான் பேசுகிறான். நாலு பேச்சு போனதும் ‘தௌ’வுக்கு இறங்குகிறான். உன் முகம் அழுது வீணாகிவிட்டது, அந்த முகம் என்னுடையது, அதை நீ பழிக்கிறாய் என்கிறான். கல்யாணம் நிச்சயமான உரிமை! ஜூலியட் அவனை ஒரு தடவைகூட ‘தௌ’ என்று சொல்வதில்லை. சார் என்கிறாள், ‘யூ’ என்கிறாள், எந்தப் பேச்சுக்கும் நேர்ப்பதில் தராமல் நழுவுகிறாள். மரியாதையாலேயே அவனை வாசலில் நிறுத்திவைக்கிறாள்.

இதே பெண் விருந்தில் முதல் சந்திப்பில் ரோமியோவிடமும் ‘யூ’ என்றுதான் பேசினாள். அன்றிரவே மாடத்தில், அவன் கேட்கவில்லை என்று நினைத்துத் தனக்குள் பேசும்போது ‘தௌ’ வந்துவிடுகிறது. அவன் கீழேதான் நிற்கிறான் என்று தெரிந்த பிறகும் அவள் பழைய மரியாதைக்குத் திரும்பவில்லை.

வாத்தியார்_1958

அம்மா, இதைச் சூத்திரமாக ஆக்கிவிடாதீர்கள். 1590-களில் லண்டன்காரர்கள் சாதாரணப் பேச்சில் ‘யூ’வுக்குப் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். ‘தௌ’ ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதனால் ‘யூ’ என்றாலே மரியாதை என்று அர்த்தமில்லை, அது வெறும் வழக்கமாகவும் இருக்கும். பித்தன் சொன்ன அதே ஐந்து வரியை எடுங்கள். உன் அழகான கைகால்களைத் தயார்செய்துகொள் என்கிற இடத்தில் ‘யுவர்’. படலில் இழுப்பேன் என்கிற இடத்தில் ‘தீ’, அதாவது ‘தௌ’வின் ‘உன்னை’. பிணமே, கொழுப்பு மூஞ்சியே என்கிற இடத்தில் மறுபடி ‘யூ’. மரியாதை கொடுத்தா பிணமே என்கிறார்? உங்கள் விதி அங்கே நொண்டுகிறதே.

ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட் ரோமியோவைச் சண்டைக்கு இழுக்கும்போது ‘தௌ’ என்று கேவலமாக அழைக்கிறான். ரோமியோ, ஜூலியட்டைக் கட்டிக்கொண்டு வந்த கையோடு, உன்னை நேசிக்க எனக்குக் காரணம் இருக்கிறது என்று அதே ‘தௌ’வில் பதில் சொல்கிறான். ஒருவன் வாயில் அது பகை, மற்றவன் வாயில் உறவு. மாணவனிடம் ‘தௌ என்றால் நெருக்கம்’ என்று எழுதிப்போட்டால் இந்த இடத்தில் அவன் விழுவான்.

மெர்குஷியோ_ரசிகை

விதி என்று நான் சொல்லவில்லை ஐயா, மாறுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னேன். கேப்யுலெட்டின் வரிகளையே பாருங்கள். வசவுகளுக்கு ‘யூ’. உடம்பில் கைவைப்பேன் என்று மிரட்டுகிற ஒரு வரியில்தான் ‘தீ’. அது எதேச்சையாக விழுந்தது என்கிறீர்களா?

வாத்தியார்_1958

ஒலிக்காக விழுந்திருக்கலாம் என்கிறேன். அடுத்த பேச்சிலேயே ‘பேகேஜ்’ (கேடுகெட்டவள்) என்ற வசவுக்கு ‘தீ’ வருகிறது, தூக்கில் தொங்கு என்று. அந்த ஐந்து வரியில் அதே வசவுக்கு ‘யூ’. சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. பிள்ளைகளிடம் இரண்டு இடத்தையும் கொடுங்கள், அவர்கள் சண்டை போடட்டும்.

செமஸ்டர்_3

நான் மாணவன்தான். ஒரு சந்தேகம். ஜூலியட்டுக்குப் பதினான்கு முடியவில்லை. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அந்த வயதில் கல்யாணம் ஆனது என்று ‘எலிசபெத் கால வாழ்க்கை’ விடையில் எழுதினால் சரிதானே?

நாடகப்பித்தன்

எழுதாதீர்கள் தம்பி. நாடகத்தை அரசாங்கக் கெஜட் மாதிரி படித்தால் இப்படித்தான் ஆகும். சட்டப்படி பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 ஆனால் போதும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கால இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இருபத்தைந்தையொட்டித்தான் கல்யாணம் செய்தார்கள். வேலைக்குப் போய், நாலு காசு சேர்த்து, தனிக்குடித்தனத்துக்கு வழி செய்துகொண்டு பிறகு கல்யாணம். சின்ன வயதுக் கல்யாணமெல்லாம் சொத்து கைமாறுகிற பெரிய வீட்டு விவகாரம். ஷேக்ஸ்பியர் 1582-ல் கல்யாணம் செய்தபோது அவருக்கு 18, ஆன் ஹாத்தவேக்கு 26. அங்கேயும் விசித்திரம் மாப்பிள்ளையின் வயதுதான்.

இன்னொன்று, ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562-ல் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து. அதில் அவளுக்குப் பதினாறு ஆகப்போகிறது. ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். குறைத்துவிட்டு அந்த வயதைப் பற்றி வீட்டுக்குள் ஒரு விவாதமும் நடத்துகிறார். அவளைவிடச் சின்னவர்களெல்லாம் தாயாகிவிட்டார்கள் என்று பாரிஸ் சொல்ல, அப்படி அவசரப்பட்டவர்கள் சீக்கிரம் கெட்டும் போகிறார்கள், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்கிறார் அப்பா. அதே அப்பாதான் மூன்று நாளில் படலைத் தேடுகிறார். பார்த்த ஜனத்துக்கு இந்த வயது உறுத்தியிருக்கும். உங்கள் விடையில் அதை எழுதுங்கள்.

பொருநை_டீச்சர்

வயது என்றதும் செவிலித்தாயின் பேச்சு ஞாபகம் வருகிறது. முதல் அங்கம், மூன்றாம் காட்சி. அதைத் தொடக்கமாக வைத்தால் எப்படி? பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தம்மாள் நிறுத்தாமல் பேசுவது அவர்களுக்குப் பழக்கப்பட்ட குரல்.

வாத்தியார்_1958

அதைவிடச் சிறந்த இடம் இந்த நாடகத்தில் இல்லை. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஜூலியட்டின் வயதைப் பற்றி ஒரு பேச்சுதான் வருகிறது. பதினான்கு ஆகவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டியது. இந்தம்மாள் அறுவடைக்கால லாமாஸ் பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி பிறந்தவள் என்று ஆரம்பிக்கிறாள். அதாவது ஜூலை 31. தேதி சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை, கோயில் நாட்காட்டிதான் அவள் காலக்கணக்கு. அது போதாதென்று பூகம்பம் வந்து பதினோரு வருஷம் என்கிறாள். 1580 ஏப்ரல் 6-ல் லண்டனையே உலுக்கிய ஒரு நிலநடுக்கம் உண்டு. நாடகம் எழுதிய வருஷத்தை இதைக்கொண்டு 1591 என்று கணக்குப்போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிழவியின் ஞாபகத்தை வைத்து அவ்வளவு தூரம் போவது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் சும்மா கடந்து போயிருக்காது.

பூகம்பத்தன்றுதான் குழந்தைக்குப் பால் மறக்கடித்தாளாம். மார்க்காம்பில் கசப்புப் பச்சிலை தடவிக்கொண்டு, புறாக்கூண்டுச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாளாம். நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவியது மாதிரியேதான். அப்போது குழந்தையின் அப்பா அம்மா எங்கே? ‘எசமானும் நீங்களும் மாந்துவாவில் இருந்தீர்கள்’ என்று போகிறபோக்கில் சொல்கிறாள். பெரிய வீட்டுப் பெண்கள் தாங்களே பால் கொடுப்பது அபூர்வம், அதற்கென்று கூலிக்கு ஒரு பெண். சொந்த மகள் முகம் பார்த்துப் பேச அம்மாக்காரி இந்தக் காட்சியில் தடுமாறுவது, செவிலியைப் போகச் சொல்லிவிட்டு உடனே திரும்பக் கூப்பிடுவது எல்லாம் இந்த ஒரு வரியில் புரிந்துவிடும்.

நடுவில் சூசன். ‘சூசனும் இவளும் ஒரே வயது. சரி, சூசன் கடவுளிடம் போய்விட்டாள், எனக்கு அவள் கொடுத்துவைக்கவில்லை.’ அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாள். அவள் பெற்ற குழந்தை அது. செத்துப்போன குழந்தையின் பாலைத்தான் ஜூலியட் குடித்திருக்கிறாள் என்று வகுப்பில் நான் சொல்வதில்லை. யாராவது ஒரு பெண் தானாகக் கண்டுபிடிப்பாள்.

மொழியைப் பற்றி ஒன்று. இந்தப் பேச்சு செய்யுள். ஆனால் பழைய பதிப்புகளில் இதை உரைநடையாகவே அச்சடித்துவைத்திருக்கிறார்கள். அச்சுக்கோத்தவர் காதுக்கே இது செய்யுளாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. சந்தம் உள்ளே ஓடுகிறது, மேலே வெறும் வம்பளப்பு. வரிகளை ஒட்டி எழுதிக்கொடுத்துப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்து அசைக்கு ஒரு வரி. யாப்பை அதைவிட நன்றாக நடத்த முடியாது.

தெருக்கூத்து_மணி

எல்லாரும் பெரிய வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நாடகம் வேலைக்காரர்களோடு தொடங்குகிறது. சாம்சனும் கிரெகரியும் கையில் வாளும் சிறு கேடயமும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அது பழைய ஆங்கிலச் சண்டைமுறை, வேலையாட்களின் ஆயுதம். டிபால்ட் கையில் இருப்பது புதிதாக வந்த இத்தாலிய ரேப்பியர், மெலிந்த நீள வாள். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ அவனைக் கிண்டலடிப்பதே இதற்குத்தான். தாளம் பார்த்துச் சண்டை போடுகிறான், பட்டு பொத்தானைப் பார்த்துக் குத்துகிறான், பாஸாடோ, புந்தோ ரிவர்ஸோ என்று இத்தாலியக் குத்துகளின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்கிறான். வின்சென்டியோ சாவியோலோ என்ற இத்தாலிய வாத்தியார் ஆங்கிலத்தில் வாள்வித்தைப் புத்தகம் போட்டது 1595-ல். ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் இந்த இத்தாலியப் பவிசையெல்லாம் திட்டி எழுதியது 1599-ல். நடுவில் இந்த நாடகம். மெர்குஷியோவின் வாயில் லண்டன் தெருச் சண்டை அப்படியே இருக்கிறது.

வெறும் பேச்சும் இல்லை. நாடகக்காரர் பென் ஜான்சன் 1598-ல் ஹாக்ஸ்டன் வயலில், ஷோர்டிச்சுக்குப் பக்கத்திலேயே, கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாளால் குத்திக் கொன்றார். லத்தீன் வாசிக்கத் தெரிந்தவருக்குச் சட்டத்தில் இருந்த சலுகையால் தூக்கிலிருந்து தப்பி, கட்டைவிரலில் சூடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கட்டைவிரல் என்றதும் சாம்சன். பகைவீட்டு ஆளைப் பார்த்துக் கட்டைவிரலைக் கடித்துக் காட்டுகிறான். எங்களைப் பார்த்தா கடித்தாய் என்று கேட்டதும், ஆமாம் என்றால் சட்டம் நம் பக்கமா என்று கிரெகரியிடம் குசுகுசுக்கிறான். இல்லை என்கிறான் அவன். ‘இல்லை ஐயா, உங்களைப் பார்த்துக் கடிக்கவில்லை ஐயா, ஆனால் கடிக்கிறேன் ஐயா.’ வாக்கியத்துக்கு வாக்கியம் சார் போட்டுச் சண்டை வளர்க்கிறார்கள். ரசிகை மேடம் சொன்ன மரியாதை விவகாரத்துக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

செமஸ்டர்_3

இது புரிந்தது! எங்கள் பேருந்து நிறுத்தத்தில் தினம் நடப்பது.

மெர்குஷியோ_ரசிகை

கொள்ளைநோயை ஒருவரும் தொடவில்லையே. மெர்குஷியோ சாகும்போது உங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளை விழ என்று சபிக்கிறான். பலபேர் அதை வெறும் வசவாகவே நடத்திவிட்டுப் போகிறார்கள். 1593-ல் மட்டும் லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேல் கொள்ளைநோய்ச் சாவு. 1592 கோடையிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் அரங்குகள் பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தன. பூட்டுத் திறந்து கொஞ்ச காலத்தில் வந்த நாடகம் இது.

ஐந்தாம் அங்கத்தில் அந்தச் சாபம் நிஜமாகவே பலிக்கிறது. ஜூலியட் செத்ததுபோல் கிடப்பதை ரோமியோவுக்குச் சொல்லும் கடிதத்தைக் கொண்டுபோன துறவி ஜான், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அவர் நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்த இடத்தில் நகரத்துச் சோதனையாளர்கள் வந்து, இது நோய் புகுந்த வீடு என்று சந்தேகப்பட்டு, இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. புரூக்கின் கவிதையிலும் கொள்ளைநோய் வருகிறது, ஆனால் அங்கே துறவி அடைபடுவது மாந்துவாவில், அவர்கள் மடத்துக்குள். நாடகத்தில் அது ஊருக்குள் ஒரு வீடு, சோதனையாளர், கதவடைப்பு என்று லண்டன் நடைமுறையாகிவிட்டது. லண்டனில் பிணத்தைப் பார்த்து நோயைச் சொல்வதற்குத் திருச்சபை வட்டம்தோறும் ஆள் நியமித்திருந்தார்கள், பெரும்பாலும் ஏழைக் கிழவிகள். கொள்ளை என்று அவர்கள் சொன்னால் வீட்டில் இருக்கிற எல்லாரையும் உள்ளேயே வைத்து வாரக்கணக்கில் பூட்டுவார்கள், கதவில் சிவப்புச் சிலுவை.

விதி, நட்சத்திரம் என்று முகவுரை சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘துன்பியலில் விதியின் பங்கு’ என்று கட்டுரை எழுதவைக்கிறோம். கடிதத்தைத் தடுத்தது ஒரு சுகாதார நடவடிக்கை!

வாத்தியார்_1958

அந்தக் காலத்து ஆளுக்கு அந்த நோயும் நட்சத்திரத்திலிருந்து வருவதுதான் அம்மா. இரண்டையும் பிரிப்பது நம் வழக்கம்.

பொருநை_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. செவிலித்தாய், அப்புறம் கட்டைவிரல், அப்புறம் கேப்யுலெட்டின் ஐந்து வரி என்று போகிறேன். காலத்துக்குத் தனி நாள் கிடையாது. விருந்துக் காட்சிச் செய்யுளை என்ன செய்வது? பதினான்கு வரி சானெட்டை இருவரும் பங்குபோட்டுப் பேசுகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா?

நாடகப்பித்தன்

அதில் வரும் சொற்களை விட்டுவிடாதீர்கள். திருத்தலம், புனிதர் சிலை, யாத்திரிகர். இங்கிலாந்தில் யாத்திரைத் தலங்களையெல்லாம் 1538 வாக்கில் இடித்தாயிற்று. பார்க்கிறவர்கள் சட்டப்படி புராட்டஸ்டண்ட். அறுபது வருஷம் முன்னால் தடைசெய்த பக்தியின் மொழியில் இரண்டு பிள்ளைகள் கைதொட்டு முத்தமிடுகிறார்கள். தாத்தா பாட்டி வாயில் கேட்ட சொற்களாக இருந்திருக்கும்.

செமஸ்டர்_3

கடைசியாக ஒன்று. நான்காம் அங்கம் ஐந்தாம் காட்சியில் ஜூலியட் செத்துவிட்டாள் என்று எல்லாரும் அழுது முடித்ததும், வேலைக்காரன் பீட்டர் வந்து வாத்தியக்காரர்களோடு ஜோக்கடிக்கிறானே? எங்கள் வகுப்பில் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

தெருக்கூத்து_மணி

தாண்டக் கூடாது தம்பி. 1599 பதிப்பில் அந்த இடத்தில் ‘பீட்டர் வருகிறான்’ என்று இல்லை, ‘வில் கெம்ப் வருகிறார்’ என்று நடிகர் பெயரே அச்சாகியிருக்கிறது. கெம்ப் அந்தக் குழுவின் கோமாளி, லண்டனே அறிந்த ஆள். அடுத்த வருஷம் லண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே போய்ப் பேர் வாங்கியவர். ஒரு பென்னி கொடுத்துக் கீழே நின்றவர்களில் பலர் அவரைப் பார்க்கவே வந்திருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்காரர்கள் சாவு வீட்டில் மாட்டிக்கொண்டு, கூலி கிடைக்குமா, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று பார்க்கிறார்கள். அவள் உண்மையில் சாகவில்லை என்று நமக்கு மட்டும் தெரியும். எங்கள் கூத்தில் கட்டியங்காரன் என்ற கோமாளி இல்லாமல் அந்தக் காட்சியை நடத்தவே மாட்டோம்.

வாத்தியார்_1958

இருந்தாலும் அழுகையும் ஜோக்கும் ஒட்டவில்லை என்பது என் கட்சி. இன்றைய தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள்.

தெருக்கூத்து_மணி

வெட்டுகிறவரிடம் கெம்ப் இல்லை ஐயா.